நாலாவது குருவி

மூன்று. பிழையாக எண்ணிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் எண்ணினேன், கண்ணால் மட்டும், விரல் நீட்டாமல், ஏனென்றால் பக்கத்தில் கப்டன் நின்றார், கையில் பலகையில் செருகிய படிவம், காதோரம் சவரம் செய்த பளபளப்பு, அவருக்கு இருபத்தெட்டு வயது இருக்கலாம், எனக்கு ஐம்பத்துநாலு. மூன்றுதான். சோதனை வாசலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தால் முதலாவதாக வருகிற சைக்கிள் கடைக்காரர் வீடு, வாசல் படலையின் இரண்டு பக்கமும் கயிறு இழுத்து அதில் பத்துத் தோரணம், சுற்றறிக்கையில் சொன்ன அதே பத்து, தென்னங்குருத்தின் வெளிர்மஞ்சள் இன்னும் வாடவில்லை, ஒவ்வொரு தோரணத்திலும் ஓலையைக் கீறி மடித்த குருவிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒன்று, இரண்டு, மூன்று. நல்ல காரியத்துக்குக் கட்டுகிற தோரணத்தில் நாலு குருவி. செத்தவீட்டுத் தோரணத்தில் மூன்று. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, ஒழுங்கை முகப்பில் தொங்குகிற ஓலையைத் தூரத்தில் கண்டதும் கால் தானாக வேகம் கூடும், அல்லது குறையும், அவ்வளவுதான். ஜெனரல் அவர்கள் ஒன்பது மணிக்கு இந்த வீதியால் வருகிறார். வாசலில் இருந்து அரசாங்கக் கச்சேரி மைதானம் வரை ஒரு மைல், நூற்றுப்பதினெட்டு வீடு. நான் மாநகரசபையின் வேலைப்பகுதி மேற்பார்வையாளன், படைக்காரருடைய மொழியை எழுதப் பேசத் தெரிந்தவன், ஆகையால் ஒவ்வொரு வீட்டு அலங்காரத்தையும் கப்டனோடு நடந்து பார்த்துக் கடைசியில் கையெழுத்து வைக்கவேண்டியவன். "என்ன அருமைத்துரை, மூண்டு குருவியோ?" என்று எங்கள் மொழியில் மெதுவாகக் கேட்டேன். அருமைத்துரை சபைத் தொழிலாளி, என்னோடு பத்தொன்பது வருடம், தோளில் ஏணியோடு பின்னால் வந்துகொண்டிருந்தான். அவன் தோரணத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "ஓலை காணாது, சேர்," என்றான். கப்டன் படிவத்தில் ஒரு கோடு போட்டார்.

இரண்டாவது வீட்டிலும் மூன்று. அடுத்ததிலும் மூன்று. ஓலை காணாதாம், போதாதாம், இந்த ஊரில் வேறு எது காணாவிட்டாலும் தென்னோலை காணாமல் போனதில்லை, பன்னிரண்டு வருடத்துக்கு முன் நகரத்தை நடுவால் கிழித்து வேலி போட்டபோது அரிசி காணவில்லை, மண்ணெண்ணெய் காணவில்லை, ஆஸ்பத்திரி வேலிக்கு அங்கால் போய்விட்டது, நான் வேலை செய்கிற கந்தோரும் அங்கால்தான் போனது, ஆனால் தென்னை இங்கால் நின்றது. என் கண் தன்பாட்டில் எண்ணியது, ஐந்தாவது வீடு, ஆறாவது வீடு, நான் எண்ணவேண்டாம் என்றாலும் எண்ணியது. கப்டனுக்கு ஓலை பிடித்துவிட்டது. அவருடைய ஊரிலும் குருத்தோலையில் செய்வார்களாம், அவருடைய அம்மா தாமரைப்பூ பின்னுவாவாம், "உங்களுடையது பறவைபோல இருக்கிறது, இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார். குருவி என்றேன். "குருவி," என்று சொல்லிப் பார்த்தார், நல்ல உச்சரிப்பு, பிறகு ஒவ்வொரு படலையடியிலும் அதையே சொன்னார், "குருவி, குருவி, நல்ல குருவி", பின்னால் அருமைத்துரை தொண்டையைச் செருமினான். நான் சுற்றறிக்கையை நினைத்தேன். அதை மொழிபெயர்த்தவன் நான். திங்கட்கிழமை படை இருக்கிற கோட்டையில் இருந்து வந்த தாளில் குருத்தோலை அலங்காரம் என்று இருந்தது, மகிழ்ச்சியைக் காட்டும் அலங்காரம் என்று இருந்தது, நான் தோரணம் என்று எழுதினேன். மங்கலத் தோரணம் என்று எழுதியிருக்கலாம். அந்தச் சொல் பேனை முனை வரை வந்தது எனக்கு நினைவிருக்கிறது, ஏன் எழுதவில்லை என்பதுதான் நினைவில்லை. இடம் போதவில்லையா, தோரணம் என்றால் நல்லதுதானே என்று நினைத்தேனா, அல்லது என் கைக்கு என்னைவிடக் கொஞ்சம் துணிவு கூடவா. அப்படி நினைப்பது எனக்குச் சுகமாக இருக்கிறது, அதனால்தான் அது பொய்யாக இருக்கவேண்டும்.

இருபத்துமூன்றாவது வீடு பெரியதம்பி மாஸ்டருடையது. எனக்குக் கணக்குப் படிப்பித்தவர், இப்போது கண்ணில் வெள்ளை விழுந்து கதிரையில் இருக்கிறார். படலைக்குப் பின்னால் ஒன்பது தென்னை, நான் எண்ணினேன், இன்றைக்கு எண்ணுகிற நாள். கப்டன் "வணக்கம் ஐயா" என்றார். மாஸ்டர் எழும்பவில்லை, எழும்ப ஏலாதவர்போலச் சிரித்தார். "ஆர், குலநாயகமோ? பாத்து எழுதும் ஐசே. ஓலைதான் காணாமப் போச்சு." சொல்லிவிட்டு ஒன்பது தென்னைக்கும் கீழே இருந்து வெற்றிலையை மென்றார். அப்போதுதான் எனக்குள் அது முழுதாக இறங்கியது. யாரோ ஒருவர் தவறிச் செய்ததில்லை, நூற்றுப்பதினெட்டு வீடும் பேசி எடுத்த முடிவு, கேட்டால் சொல்லவேண்டிய மறுமொழியைக்கூடப் பேசி வைத்திருக்கிறார்கள். தபால் கந்தோருக்கு முன்னால், பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத நாற்பத்தொரு பேரின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெள்ளியும் இருந்த பெண்களை இந்தக் கிழமை இருக்க விடவில்லை, வெள்ளைக்கொடி கூடாது, கறுப்புத்துணி கூடாது, படம் கூடாது, மெழுகுவர்த்தி கூடாது, நாலு பேருக்கு மேல் கூடி நிற்கக் கூடாது, அந்தத் தடைகளையும் வரிசையாக மொழிபெயர்த்தவன் நான், எல்லாம் எழுதி முடித்தபிறகு கட்டளையிட்டுச் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது, தோரணம். அதைச் செய்துவிட்டார்கள். ஒரு மைல் நீளத்துக்கு ஒரே செத்தவீடு. ஒன்பது மணிக்கு ஜெனரல் திறந்த வண்டியில் கையை அசைத்துக்கொண்டு இதற்குள்ளால் போகப்போகிறார், இரண்டாவது வண்டியில் எங்கள் ஆள் ஒருவர், பிரதி மந்திரி, ஓலையைப் பார்த்த உடனே அவருக்கு விளங்கும், விளங்கினாலும் வாய் திறக்க மாட்டார், ஐயா இது பிணம் போகிற வீதி என்று ஜெனரலின் காதுக்குள் சொல்லக்கூடிய மனிதன் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றில் இருந்து உண்மையாகவே வந்தது, இருமி விழுங்கினேன். விழுங்கியதும் அதன் அடியில் கிடந்த மற்றது மேலே வந்தது. எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கும், நான் அவர்களோடு வேலை செய்கிறவன், எனக்குச் சொல்லாமல் விட்டது எனக்கு நல்லது, தெரியாதவனை விசாரிக்க ஏலாது, இப்படி நாலைந்து வீடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். தெரியாது என்ற சொல்லோடு இந்த ஊர் பன்னிரண்டு வருடமாகச் சீவிக்கிறது. யார் போஸ்டர் ஒட்டியது, தெரியாது. இந்த ஒழுங்கை எங்கே போகிறது, தெரியாது. பிள்ளைக்கு முதலில் அம்மா சொல்லப் பழக்குகிறோம், அடுத்ததாக இதை. அன்றைக்கும் அப்படித்தான் வந்தது, நான் நினைத்துச் சொல்லவில்லை, நினைக்கிறதுக்கு முன்னமே வாய் சொல்லிவிட்டது, ஆறு வருடமாக எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன், சோதனை வாசலில் காலை வரிசை. எனக்குப் பின்னால் மூன்றாவது ஆளாகச் சுகிர்தன். எங்கள் கந்தோரில் கட்டடப் படம் கீறுகிறவன், ஒன்பது வருடம் ஒரே மேசையில் எனக்கு எதிர்ப்பக்கம், மத்தியானம் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து பாகற்காய்ப் பொரியலை நான் எடுப்பேன், "சேர், உது என்ரை பங்கு, உங்கடை மனுசி சமைக்கிறேல்லையோ?" என்பான். அன்றைக்கு அவன் வாசலைக் கடக்கிற பாஸை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான், முந்தின நாள் சேர்ட்டின் பையில். காவலாளி அவனைத் தள்ளி நிறுத்திவிட்டு வரிசையைப் பார்த்தான், அவர்களுடைய மொழி தெரிந்தவன் என்று என்னைக் கையால் கூப்பிட்டான். "இந்த ஆளை உனக்குத் தெரியுமா?" ஓம், எங்கள் கந்தோர்தான், என்று சொன்னால் முடிந்துபோகிற விசயம். அதற்கு முன்னம் பத்துப் பேருக்கு அப்படித்தான் முடிந்தது. சுகிர்தன் என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்துக்கொண்டு நின்றான், நான் சொல்லப்போகிறேன் என்ற நிச்சயத்தில், பஸ்ஸில் யாராவது நமக்கு இடம் பிடித்து வைத்திருக்கும்போது வருகிற சிரிப்பு. நான் தெரியாது என்றேன். அவன் சிரிப்பை எடுக்கவில்லை, அதுதான், அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பான், அல்லது நான் ஏதோ உபாயம் செய்கிறேன் என்று. அந்தச் சிரிப்போடேயே அவனை வேலியோரம் இருந்த தகரக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்பத்தொரு படத்தில் அவனுடையது பதினேழாவது. அவன் மனுசி மல்லிகா அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து கேட்டபோது நான் முன்னுக்குப் போய்விட்டேன், காணவில்லை என்றேன். வரிசையில் என்னோடு பதினைந்து பேர் நின்றார்கள்.

மல்லிகாவின் வீடு எண்பத்திரண்டாவது. அவள் வாசலில் நின்றாள், தலை முழுகி ஈரம் சொட்ட, சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், சாம்பல் நிறச் சேலையைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறதுபோல இறுக்கிக் கட்டியிருந்தாள். கயிற்றில் பத்துத் தோரணம், மற்ற வீடுகளைவிட நேராக, அளந்து தொங்கவிட்டதுபோல. கப்டன் "வணக்கம் அம்மா, நல்ல குருவி" என்றார், அவள் கையைக் கூப்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஆறு வருடமாக ஒரே வீதியில் இருக்கிறோம், கடையிலும் கோயிலிலும் காண்கிறோம், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அதனால்தான் அவளுக்குத் தெரியாது என்று ஒவ்வொரு இரவும் என்னை நான் நித்திரையாக்கினேன். "எல்லாம் சரியோ, சேர்?" "சரி, பிள்ளை." "வடிவா எண்ணிப் பாருங்கோ. பேந்து குறையெண்டு சொல்லக்கூடாது." குரலில் ஒன்றும் இல்லை. ஒரு ஆசிரியை பிள்ளைக்குச் சொல்கிறதுபோலச் சொன்னாள். நான் எண்ணுகிறதுபோல நின்றேன், அருமைத்துரை ஏணியைத் தோள் மாற்றினான், கப்டன் கோடு போட்டார், நடந்தோம். அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். பதினைந்து பேரில் ஒருவனாவது அன்றைக்கு இரவே சொல்லியிருப்பான், ஆறு வருடமாக இந்த வீதி எனக்கு வணக்கம் சொல்லி, என் மகளின் கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்திருக்கிறது. என் வீடு நூற்றுப்பதினோராவது. நான் ஐந்து மணிக்கு வீட்டை விட்டு வந்தபோது என் மனுசி தவமலர் ஓலையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தாள், விடிந்த பிறகு கட்டுகிறேன் என்றாள், மகள் சாம்பவி நித்திரை, வயிற்றில் ஏழு மாதம், முதல் பிள்ளை. தவமலருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? கிணற்றடியில், வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால், ஒரு சொல் போதும், மூண்டு. தொண்ணூறாவது வீடு தாண்டியதில் இருந்து நான் கடவுளிடம் கேட்டுக்கொண்டு நடந்தேன், மூன்றாக இருக்கவேண்டும், என் வீட்டுப் படலையில் செத்தவீட்டு ஓலை தொங்கவேண்டும், வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில். எந்த மனிதன் இப்படிக் கேட்பான்? ஆனால் நூற்றைந்தாவது வீட்டடியில் இருந்து தெரிந்துவிட்டது. நீளமாக இருந்தது. எங்கள் வீட்டுத் தோரணம் மாத்திரம் காற்றில் ஒரு சாண் கூடுதலாக ஆடியது.

தவமலரின் கை வேலை அழகானது. நாலு குருவியும் ஒரே அளவு, ஒன்றின் வாலில் மற்றது, பார்த்தால் உள்ளே யாரோ தாலி கட்டுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். கப்டன் நின்றார். பேனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார், எங்கள் மொழியில், என்னிடம் படித்த எண்களால், ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. பிறகு திரும்பி வந்த வழியைப் பார்த்தார். கெட்டிக்காரன், அவர் முட்டாளாக இருந்திருந்தால் எவ்வளவு நல்லாக இருந்திருக்கும். "மற்ற வீடுகளில் மூன்று," என்றார். "இங்கே நாலு. ஏன்?" கைமணிக்கூட்டைப் பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது கட்டளை. இப்போது எட்டு இருபது. லொறியில் முப்பது பேர் இருக்கிறார்கள், தேவையென்றால் வீதி முழுக்க மாற்றலாம். எது சரி, மிஸ்டர் குலநாயகம், மூன்றா நாலா?" அருமைத்துரைக்கு அவர்களுடைய மொழி தெரியாது, ஆனால் அவன் ஏணியை நிலத்தில் வைத்துவிட்டு என் வாயைப் பார்த்தான். நாலு என்றால் முடிந்தது, நாலுதான் உண்மை, உண்மை சொன்ன அலுவலராகக் கையெழுத்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் புட்டுச் சாப்பிடலாம், பின்பக்கம் இருந்து புட்டு அவிகிற வாசம் வந்தது, என்னுடைய வீடு ஒன்றுதான் இந்த மைலில் சரியான வீடு. லொறியில் முப்பது பேர், நூற்றுப்பதினேழு படலை, முதலாவது வீட்டிலேயே ஒருவனாவது ஏன் மூன்று என்று கேட்பான். தெரியாது என்று சொல்லவும் ஏலாது, அவர் அடுத்த வீட்டில் கேட்பார், அதற்கு அடுத்த வீட்டில். இந்த முறை வாய் தானாக ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "மூன்றுதான் சரி," என்றேன். "இது பிழை." "யாருடைய வீடு?" "என்னுடைய வீடு." கப்டன் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். "மேற்பார்வையாளருடைய வீட்டிலேயா பிழை!" படிவத்தின் கடைசிக் கட்டத்தில், காலை முழுக்க வெறுமையாகக் கிடந்த குறைகள் என்ற கட்டத்தில், நூற்றுப்பதினொன்று என்றும் என் பெயரையும் எழுதினார், எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். இந்த வீதியில் இருந்து தாளில் ஏறிய ஒரே பெயர். நாளைக்கோ மறுநாளோ கோட்டையில் யாராவது ஒருவன் மூன்றுக்கும் நாலுக்கும் அர்த்தம் சொல்லும்போது அவர்கள் தேடவேண்டிய பெயர். "சீக்கிரம் திருத்துங்கள்," என்றார். அருமைத்துரை ஏணியை எடுத்து வந்து என் படலையில் சாத்தினான். "நான் ஏறட்டோ, சேர்?" "இல்லை," என்றேன், "நீ பிடி." மூன்று படி ஏறினேன். ஓலை குளிராக இருந்தது. அடியில் தொங்கிய குருவியின் கழுத்தைப் பிடித்து முறுக்கினேன், அது இலேசில் வரவில்லை, தவமலரின் முடிச்சு. ஒன்று. இரண்டு. மூன்றாவது தோரணத்தில் பிய்க்கும்போது அவள் வெளியே வந்தாள், கையில் புட்டு மா, என்னையும் கப்டனையும் அருமைத்துரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயோ, இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்? மூண்டாக்கிறியளே! உள்ளை பிள்ளைத்தாச்சி கிடக்கிறாள்!" "என்ன சொல்கிறா?" என்று கப்டன் கேட்டார். பாடுபட்டுச் செய்ததைப் பிய்க்கிறேன் என்று கோபம் என்றேன். அவர் தலையசைத்து, மனைவிமாருக்குப் பயந்த எல்லா ஆண்களின் சார்பிலும் சிரித்துவிட்டு, நேரத்தைப் பார்த்து, அடுத்த வீட்டுக்கு நடந்தார். நான் பத்தையும் முடித்து இறங்கினேன். கை நிறையக் குருவி, வைக்க இடமில்லை, வீதியில் குப்பை போடக் கூடாது என்று சுற்றறிக்கை. தவமலர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், முப்பது வருடம் பார்த்த முகம், அதில் எதைக் கண்டாளோ, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஆருக்கு?" இந்த வீட்டில் ஆறு வருடமாக நான் சொல்லாத பெயர். "சுகிர்தனுக்கு," என்றேன். "நான்தான் அண்டைக்கு அவனைத் தெரியாதெண்டு சொன்னனான்." சேலைத் தலைப்பை விரித்து நீட்டினாள், பத்தையும் அதற்குள் போட்டேன், முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. சாம்பவி "ஏனம்மா, புட்டு இன்னும் அவியேல்லையே?" என்று கேட்கிறது கேட்டது. அதற்குப் பிறகு, எரிகிற விறகில் ஒரு வாளித் தண்ணீரை முழுதாக ஊற்றுகிற சத்தம். பிணம் கிடக்கிற வீட்டில்தான் அப்படி அடுப்பை நூர்ப்பார்கள். ஓட்டுக்கு மேலால் வெள்ளைப் புகை ஒருதரம் எழும்பி வீதிப் பக்கம் சாய்ந்தது, எதிர்வீட்டுப் பெண் படலைக்கு வந்து அதை நிமிர்ந்து பார்த்தாள்.